மைம்மலுக்கு எந்த ஓட்டை

மூன்று வட்டுகளையும் பச்சைத் துணியின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, "அவசரமில்லை, ஆறுதலாகப் பார்" என்று கடைக்கார வால்ட்டர் இங்கிலிசில் சொல்லிப்போட்டுத் தன் கோப்பியைத் தேடிப் பின்னறைக்குப் போய்விட்டான். அவசரமில்லையாம். நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிற நவம்பர் மாதம், ஐந்து மணிக்குக் கடை பூட்டு, இன்னும் பதினைந்து நாளில் வேட்டை தொடக்கம், மனிசன் அவசரமில்லை என்கிறான். தவபாலன் குனிந்து பார்த்தான். கறுப்பு இரும்பு வட்டுகள், சேட்டுப் பொத்தான் அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. முதலாவதில் ஊசி போகும். இரண்டாவதில் கடுகு போகும். மூன்றாவதில் மிளகு போகும். ஐம்பத்தெட்டு வயது, பாண் சுடுகிற கொம்பனியில் இருபத்திரண்டு வருசம் வேலை, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்துக் கலியாணமும் கட்டிக்கொடுத்த மனிசன், ஊசியா கடுகா மிளகா என்று நின்று முழிக்கிறான். இதில் ஒன்றைத் துவக்கின் பின்பக்கத்தில் பூட்டவேண்டும். அந்த ஓட்டைக்குள்ளால் பார்த்தால் குழல் நுனியிலிருக்கிற குறி மணியும் தெரியுமாம், அங்கால் நிற்கிற மானும் தெரியுமாம், இரண்டும் ஒரே நேரத்தில் வடிவாகத் தெரியுமாம், வயசுபோன கண்ணுக்கு இதைவிட வேறு மருந்தில்லையாம். எல்லாம் வால்ட்டர் சொன்னது. இப்போது அவனுடைய துவக்கில் இருப்பது பழைய முறை. பின்னுக்கு ஒரு வெட்டு, முன்னுக்கு ஒரு மணி. வெட்டைப் பார்த்தால் மணி கரைகிறது, மணியைப் பார்த்தால் மான் கரைகிறது, மானைப் பார்த்தால் மற்ற இரண்டும் போயே போச்சு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க இருபத்தைந்து வயதுக் கண் வேணும், அது எங்கே கிடக்கோ.

இடியன் என்று அந்தத் துவக்குக்கு அவனும் மச்சான் அரியமும்தான் பெயர் வைத்தார்கள். வன்னியில் குழலின் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு அடைத்து, சன்னம் போட்டு, கம்பியால் இடிக்கிற துவக்குக்கு அதுதான் பெயர். கனடாவிலும் அப்படி வாயால் மருந்து போடுகிற துவக்குக்கென்று டிசம்பரில் தனியாக ஒரு வேட்டைக் கிழமை இருக்கிறது என்று முதன்முதல் கேள்விப்பட்டபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எடேய், இடியனுக்கு லைசென்சடா! அந்தக் காலத்து இடியனுக்கு வெட்டும் இல்லை மணியும் இல்லை. குழல் நெடுகப் பார்க்கிறது, வெடி வைக்கிறது. செக்கல் பட்டு இருட்டத் தொடங்கிவிட்டால் வெத்திலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பில் எப்பன் தொட்டுக் குழல் நுனியில் பூசுவார்கள், அந்த வெள்ளைப் பொட்டு எங்கே நிற்கிறதோ அங்கே வெடி. அப்போது இவ்வளவு யோசிக்கவில்லையே என்று தவபாலன் யோசித்தான், யோசித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு ஊசி ஓட்டை வட்டை எடுத்துக் கண்ணோடு பிடித்தான். மேசையில் கிடந்த பெட்டியில் எழுதியிருந்த பொடி எழுத்து, கண்ணாடி இல்லாமல் ஒரு நாளும் வாசிக்கமுடியாத எழுத்து, கறுப்பாகத் துலக்கமாக வந்து நின்றது. அட! கண் டொக்டரும் இப்படித்தான் ஒரு கறுப்புக் கரண்டியில் ஓட்டைகள் போட்டு வலக்கண்ணுக்கு முன்னால் பிடித்து, "இப்ப எழுத்துத் தெரியுதா" என்றாள். தெரிந்தது. "படலம் பிடிக்கத் தொடங்கியிருக்கு, இன்னும் வெட்டுகிற அளவுக்கு இல்லை" என்றாள். இன்னும் வெட்டுகிற அளவுக்கு இல்லை, ஆனால் ஒரு மனிசனையும் மானையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு இருக்கா இல்லையா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் கேட்கிறாய் என்று கேட்டிருப்பாள். ஊசி ஓட்டையைக் கீழே வைத்தான். துலக்கம்தான், ஆனால் கடையின் லைற் வெளிச்சத்திலேயே எல்லாம் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. மான் லைற் வெளிச்சத்தில் வராது, மைம்மல் நேரத்தில் வரும். அந்தப் பொழுதும் இருட்டும் கலக்கிற நேரத்துக்கு இது சரிவராது.

கடையின் அந்தத் தொங்கலில் அரியம் ஒரு வாங்கில் இருந்து சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். காசு கொடுத்து வேண்டப்போகிறதில்லை, சும்மா போட்டுப் பார்க்கிறது. "மச்சான், உதில முத்தே எடுக்கப் போறாய்? கெதியா ஒண்டை எடன்ரா!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டான். அரியரத்தினம், தவபாலனுடைய மனைவி மலரின் ஒரே ஒரு தம்பி. ஒரே ஒரு என்பதைத் தவபாலன் இந்தப் பதினொரு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நினைக்கிறான். ஐந்து பேராய்ப் பிறந்து மிஞ்சினது மலரும் அவனும். வன்னியில் சண்டை முடிந்து இரண்டு வருசம் கழித்து ரொறன்ரோ எயார்போட்டில் வந்து இறங்கினபோது அரியம் கதைக்கிறதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான், வேலைக்கு வா என்றால் வந்து பாண் தட்டு அடுக்குவான், ஆனால் வாய் திறக்கிறதில்லை. மலர் குசினியில் நின்று அழுகிறதைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய்த்தான் தவபாலன் அவனைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வேறு என்ன செய்கிறதென்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். முதல் நாள் ஒரு மானும் வரவில்லை. பின்னேரம் பனிக்குள் தவபாலன் கால் வழுக்கித் துவக்கோடு குண்டியடிக்க விழுந்து, எழும்ப ஏலாமல் கிடக்க, அரியம் சிரித்தான். வாயைத் திறந்து, பல்லுத் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டுக்கு வந்து மலரிடம் அதை நடித்துக் காட்டினான். அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை, இப்போது ஓயச் சொன்னாலும் ஓயாது, கலியாணம் கட்டி, கௌரி எண்ட நல்லதொரு பிள்ளை வந்து, அவளும் இப்போது காதைப் பொத்துகிறாள். டிசம்பரில் அந்த ஒரு கிழமை மட்டும் வருசம் தவறினதில்லை. இந்த வருசம் வரமாட்டேன் என்று சொல்லத் தவபாலன் முதலில் முழங்காலைச் சாட்டினான், பிறகு வேலையில் லீவு இல்லை என்றான், பிறகு கண் என்றான். கண் என்றதுதான் பிழையாகப் போச்சு. கண்ணுக்கு மருந்திருக்கடா மச்சான், ஓட்டைக் குறி எண்டு ஒண்டு இருக்காம், வா பாப்பம் என்று அரியம் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டான். நீ வராட்டி நானும் போகமாட்டன், எனக்கென்ன விசரே தனியப் போய்க் காட்டுக்குள்ள இருக்க என்றும் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அதைக் கேட்டு மலரின் முகம் போன போக்கைத் தவபாலன் பார்த்தான்.

கடுகு ஓட்டையை எடுத்தான். சுவரில் தொங்கிய மான் தலையொன்றைப் பார்த்தான். தலை தெரிந்தது, கொம்பு தெரிந்தது, ஆனால் அவன் ஓட்டையின் நடுவைத் தேடத் தேட எல்லாம் ஆடியது. கோப்பியோடு திரும்பி வந்த வால்ட்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஓட்டையைப் பார்க்காதே, ஓட்டைக்குள்ளால் பார், நடுவைக் கண் தானாகக் கண்டுபிடிக்கும், நீ இடைஞ்சல் பண்ணாமல் இருந்தால் போதும்" என்றான். அப்படியே செய்தான். ஆட்டம் நின்றது, வால்ட்டரும் திரும்பப் பின்னறைக்குப் போனான். கண் தானாகக் கண்டுபிடிக்கிறதாம். கண் கண்டுபிடித்த கதை எனக்கல்லோ தெரியும். போன டிசம்பர், புதன்கிழமை, நாலரை மணி கழிந்த மைம்மல். அரியம் வைத்த வெடியில் பட்ட மான் பற்றைக்குள் ஓடியிருந்தது. நீ இந்தத் தொங்கலில நில், நான் ரத்தம் பாத்துக்கொண்டு உள்ளால வாறன், அது வெளிக்கிட்டா நீ வெடி வை என்று சொல்லிவிட்டுப் போனான். சரியான ஏற்பாடு, எத்தனையோ தரம் செய்தது. தவபாலன் மரத்தோடு சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் இடது பக்கம், நூறு கவடு நடை தூரத்துக்கு அங்கால், ஒரு செடார் மரத்தடியில் செம்மஞ்சள் தெரிந்தது. வேட்டைக்காரர் எல்லோரும் சட்டப்படி போடவேண்டிய செம்மஞ்சள் மேலுடுப்பு. ஆ, மச்சான் அங்கே நிற்கிறான், நல்லது. அப்படி நினைத்த உடனேயே மற்றப் பக்கம் முழுவதும் மானுக்கு என்று மனம் எழுதிக் கொடுத்துவிட்டது. பிறகு வலது பக்கப் பற்றைக்குள் மண்ணிறமாக ஒன்று அசைந்தது. குனிந்து, மூக்கை நிலத்தில் வைத்து, நொண்டி நொண்டி. கை தானாகத் துவக்கைத் தூக்கியது, பெருவிரல் தானாக அதன் முதுகிலிருக்கிற குதிரையைப் பின்னுக்கு இழுத்தது, சுட்டுவிரல் தானாக விசைக்குப் போனது. மணி வெட்டுக்குள் வரவில்லை. ஒருக்கால் வந்து கரைந்தது. குளிருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. சனியன், என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, கன்னத்தை எடுத்து, கைமேசால் கண்ணைத் துடைத்து, திரும்பக் கன்னத்தை வைத்தபோது, அந்த மண்ணிறம் நிமிர்ந்து தன் காற்சட்டையை இரண்டு கையாலும் மேலே இழுத்து விட்டது. மான் காற்சட்டை இழுக்காது.

ரத்தம் கண்ட கடைசி இடத்தில் அடையாளத்துக்குத் தோள் துவாயைக் கொப்பில் கட்டிவிட்டு முன்னுக்குப் போகிறது வன்னி வழக்கம். துவாய் திரும்பிப் பார்க்கிற இடமெல்லாம் தெரியும், வழி தவறாது. தோளில் துவாய் இல்லாத நாட்டில் அரியம் செம்மஞ்சள் மேலுடுப்பைக் கழற்றிச் செடார் கொப்பில் கொழுவிவிட்டு, உள்ளே போட்டிருந்த மண்ணிறக் குளிர்ச்சட்டையோடும் மண்ணிறக் கம்பளித் தொப்பியோடும் முன்னுக்குப் போயிருக்கிறான். எங்கட ஆக்கள்தான் இப்படி ஒரு மோட்டு வேலை பார்ப்பார்கள், வெள்ளைக்காரன் செய்யமாட்டான். ஆனால் அவன் உடுப்பைக் கழற்றினது மோட்டுத்தனம் என்றால் ஒரு துணியைக் கண்டு மனிசன் என்றும் மனிசனைக் கண்டு மான் என்றும் நம்பினவனை என்ன சொல்லுகிறது? குதிரையைப் பெருவிரலால் மெல்ல மெல்ல இறக்க எவ்வளவு நேரம் எடுத்தது, பல்லு எப்படி அடித்தது, எல்லாம் இப்போதும் கையில் இருக்கிறது. கொஞ்சத்தால் அரியம் மானைக் கண்டு கூவினான், இவனும் போய் மானின் காலைப் பிடித்து இழுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மலர் மிளகு கூடப் போட்டு இறைச்சிக் கறி வைத்தாள். தம்பிக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தவபாலன் பல்லு நோகுதென்று சொல்லிவிட்டு எழும்பினான். எந்த முகத்தோடு இவளுக்கு முன்னால் வந்து நின்றிருப்பன், என்னெண்டு சொல்லியிருப்பன், மலர், உன்ர தம்பி... ஐயோ கடவுளே. அந்த வசனம் அதற்கு மேல் போனதில்லை, பதினொரு மாதமாக அந்த இடத்தில்தான் தடக்கி நிற்கிறது. அதைவிடக் கொடுமையான ஒரு யோசனை இந்தக் கடைக்குள் வந்த பிறகு பிடித்திருக்கிறது. அன்றைக்கு மணி வெட்டுக்குள் வராதபடியால்தானே அரியம் தப்பினான்? கண் பழுதானபடியால்தானே மூன்று மூச்சு நேரம் பிந்தியது? போன வருசம் இந்த ஓட்டை துவக்கில் இருந்திருந்தால் மணி உடனே நின்றிருக்கும், விரல் உடனே அமத்தியிருக்கும். அப்படியென்றால் நான் இன்றைக்கு வேண்ட வந்திருப்பது என்ன? இல்லை, ஓட்டை இருந்திருந்தால் அது மச்சான் என்று வடிவாகத் தெரிந்திருக்கும், துவக்கைத் தூக்கியே இருக்கமாட்டன். இல்லை, அந்த இருட்டில் ஓட்டைக்குள்ளால் ஒரு கறுப்பு மட்டும் தெரிந்திருக்கும், அதற்குள் மனம் தனக்கு வேண்டிய மானைக் கீறியிருக்கும். எது? ஊசியா, கடுகா, மிளகா? மைம்மலுக்கு எந்த ஓட்டை? இதை வால்ட்டரிடம் எப்படிக் கேட்கிறது? எந்த ஓட்டை போட்டால் மச்சானைச் சுடாமல் இருக்கலாம் ஐயா என்றா?

மிளகு ஓட்டையை எடுத்துக் கண்ணில் வைத்து, வால்ட்டர் சொன்னமாதிரியே ஓட்டையைப் பார்க்காமல் அதற்குள்ளால் பார்த்தான். கடையின் அந்தத் தொங்கல் வந்து விழுந்தது. வாங்கு, சப்பாத்துப் பெட்டி, மண்ணிறக் குளிர்ச்சட்டை. அரியம் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் இந்த முறை எல்லாம் தெரிந்தது. உச்சியில் மயிர் கொட்டின இடம் தெரிந்தது, காதோரம் நரை தெரிந்தது, நாடா கட்டுகிற அவதியில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிற அந்தச் சின்னப்பிள்ளைப் பழக்கம்கூடத் தெரிந்தது. இவ்வளவும் உள்ள ஒரு மனிசனையல்லோ மண்ணிறம் என்று நினைத்தேன். இனி இதை உள்ளுக்கு வைத்திருக்க ஏலாது. வட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நடந்து போய் வாங்குக்கு முன்னால் நின்றான். "என்ன, தெரிவு முடிஞ்சுதோ?" என்று அரியம் நிமிராமலே கேட்டான். "போன வருசம் நான் உன்னைச் சுடப் பாத்தனான்" என்றான் தவபாலன். "அவ்வளவு கோவமே என்னில? நான் என்ன, உன்ர பங்கில ஈரலைத் திண்டனானே?" என்று சிரித்துக்கொண்டு நிமிர்ந்த அரியம் இவனுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "எப்ப?" "நீ ரத்தம் பாத்துக்கொண்டு போகேக்க. உன்ர உடுப்பு அங்கால தெரிஞ்சுது, நீ அங்க நிக்கிறாய் எண்டு நினைச்சன். நீ குனிஞ்சு நிண்டனி. மானெண்டு..." "குதிரை இழுத்தனியோ?" "இழுத்தன்." "விரல்?" "விசையிலதான்." அரியம் நாடாவைக் கையால் விட்டான். பிறகு, "பேந்து ஏன் வைக்கேல்ல?" என்றான். "மணி நிக்கேல்ல. கண்ணால தண்ணி. துடைச்சுப்போட்டுப் பாக்க நீ காற்சட்டையை இழுத்து விட்டாய்."

அரியம் சிரிப்பான் என்று இவனுக்கு எங்கோ ஒரு மூலையில் ஒரு நப்பாசை இருந்தது. அவன் சிரிக்கவில்லை. ஒரு காலில் புதுச் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் கால்மேசுமாக இருந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றி, பெட்டிக்குள் தாள் சுற்றி வைத்து, மூடி, தன் பழைய சப்பாத்தைப் போட்டான். எல்லாம் ஆறுதலாக. அந்தப் பழைய பேசாத அரியம் திரும்பி வந்துவிட்டானோ என்று தவபாலன் பயந்தான். நாசமாய்ப் போன வாய், இன்னும் பதினைந்து நாள் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே, வருத்தம் எண்டு படுத்திருக்கலாமே. "உடுப்பைக் கொப்பில கொழுவினது நான்" என்றான் அரியம், நிலத்தைப் பார்த்தபடி. "அண்டைக்கு வீட்ட போய்த்தான் உறைச்சது, என்ன விசர் வேலை பாத்திட்டன் எண்டு. கௌரியிட்டச் சொல்லேல்ல, பேசுவாள். உன்னட்டயும் சொல்லேல்ல. அக்காட்டச் சொல்லிப்போடுவாய் எண்டு பயம்." இதைச் சொல்லிவிட்டு எழும்பி, இவனைத் தாண்டி, நேரே பின்னறைப் பக்கம் போனான். வால்ட்டரோடு ஏதோ கதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது, குளிர் காத்து வந்து கடைக்குள் தொங்கிய உடுப்புகளை ஆட்டியது, கதவு சாத்தியது. போய்விட்டான். கார்த் திறப்பும் அவனிடம்தான். ரொறன்ரோவுக்கு இரண்டு மணித்தியாலம், வழியில் ஒரு பஸ்ஸும் இல்லை. ஆனால் தவபாலன் பஸ்ஸை நினைக்கவில்லை, இனி அவன் எங்கட வீட்டு வாசல்படியை மிதிப்பானா என்றுதான் நினைத்தான். மலர் கேட்பாள், ஏன் தம்பி வாறேல்ல? வால்ட்டர் கதவடியில் தலையை நீட்டி, "உன்னுடைய ஆள் உன்னை வரச் சொல்கிறான், மூன்று வட்டையும் எடுத்துக்கொண்டு வா" என்றான்.

பின்கதவுக்கு வெளியே வெட்டி முடித்த சோளக் காணி. "என் சொந்தக் காணிதான், இங்கே ஒருவரும் வெடி வைக்கிறதில்லை" என்று வால்ட்டர் சொன்னான். சூரியன் போய் வெளிச்சம் மட்டும் மிச்சமாய் நின்றது. சோளக் கட்டைகளுக்கு நடுவால் அரியம் மண்ணிறக் குளிர்ச்சட்டையோடு மரங்கள் நின்ற பக்கமாக நடந்துகொண்டிருந்தான். நின்றான், திரும்பினான். "மச்சான்! இதுதானே அண்டைக்கு இருந்த வெளிச்சம்?" "ஓம்!" "எந்த ஓட்டை எண்டு இப்ப பார்!" சொல்லிவிட்டு முழங்காலில் கையூன்றிக் குனிந்தான், அன்றைக்குக் குனிந்தமாதிரியே. தவபாலன் வட்டைத் தூக்கப் பின்னடித்தான். துவக்கு இல்லை, கையில் இருப்பது ஒரு பொத்தான், ஏனடா பயப்படுகிறாய். ஊசி ஓட்டையை வைத்தான்: கறுப்பு. ஒன்றுமேயில்லை. கடுகு ஓட்டை: மண்ணிறமாக ஒன்று. என்னவும் இருக்கலாம், எடுத்துவிட்டான், அதற்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை. மிளகு ஓட்டை: வெளிச்சம் உள்ளே வந்தது. வளைந்த முதுகு, ஊன்றின கை, கால் இரண்டு. இரண்டே இரண்டு கால். "தெரியுது!" என்று கத்தினான். "என்ன தெரியுது?" "நீ!" "நான் எண்டா? தலையோ வாலோ?" "உன்ர மொட்டைத் தலைதான்ரா!" அரியம் நிமிர்ந்து இன்னும் பத்துக் கவடு பின்னுக்குப் போய்த் திரும்பக் குனிந்தான். "இப்ப?" தெரிந்தது. இன்னும் பத்து. "இப்ப?" தெரிந்தது, கஷ்டப்பட்டுத் தெரிந்தது. வட்டை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தான், பிறகு ஓட்டைக்குள்ளால் பார்த்தான், இரண்டும் ஒரே ஆளைத்தான் காட்டின. அந்த இடத்தில் அரியம் சப்பாத்தால் நிலத்தைக் கிண்டி ஒரு அடையாளம் வைத்துவிட்டு மறுபடி பின்னுக்குப் போனான். குனிந்தான். "இப்ப?"

தவபாலன் பார்த்தான். மண்ணிறமாக ஒன்று இருந்தது. அது மச்சான் என்று அவனுக்குத் தெரியும், மச்சான் அங்கே போனதைக் கண்டவன்தானே, ஆனால் போனதைக் காணாதவன் என்றால்? மனம் உடனே கால் இரண்டு கீறத் தொடங்கியது, முதுகு கீறியது, கேட்டால் மொட்டையும் கீறித்தரும். தெரியுது என்று சொல்ல வாய் உன்னியது. இன்னும் பத்துக் கவடு, என்ன பெரிய வித்தியாசம், வால்ட்டரும் பக்கத்தில் நின்று பார்க்கிறான், அவ்வளவு குருடனோ நான்? அப்படி ஒரு ஆசைதான் அன்றைக்கும் துவக்கைத் தூக்கினது. காண ஆசைப்பட்டதைக் கண்டது. "இப்ப தெரியுதோடா?" என்று அரியம் குனிந்தபடியே கத்தினான், பாவம், நாரியும் இடுப்பும் நோகும் அவனுக்கு. "இல்லை!" என்று தவபாலன் கத்தினான், குரல் உடைந்து, வால்ட்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிதாக. "இல்லையடா மச்சான், தெரியேல்ல! நீயோ என்னவோ எண்டு எனக்குத் தெரியேல்ல!" சொல்லி முடித்தபோது பதினொரு மாதமாக நெஞ்சில் ஏறியிருந்தது இறங்கினமாதிரி இருந்தது, கண்ணால் தண்ணீர் வந்தது, இந்த முறை குளிருக்கில்லை. தூரத்தில் அந்த மண்ணிறம் நிமிர்ந்தது. பிறகு அடையாளம் வைத்த இடத்துக்கு வந்து, அங்கேயிருந்து ஒவ்வொரு கவடாக எட்டி வைத்து, நேரே இவனை நோக்கி வரத் தொடங்கியது. வாய் அசைகிறது முதலில் தெரிந்தது. பிறகு சத்தம் கேட்டது. முப்பத்தி மூண்டு, முப்பத்தி நாலு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் பலமாக எண்ணிக்கொண்டு வந்தான். ஐம்பத்தி ஒன்பதில் ஒரு சோளக் கட்டை தடக்கி, தூசணத்தால் திட்டி, அந்தக் கவடைத் திரும்ப வைத்தான். கிட்ட வந்து, இவனுடைய சப்பாத்து நுனியில் தன் சப்பாத்தை முட்ட வைத்து நின்றான். மூக்கால் தண்ணீர் ஓடியது, மூச்சு வாங்கியது.

"அறுவத்தி ஆறு" என்றான் அரியம். "வடிவாக் கேட்டுக்கொள். அறுவத்தி ஆறுக்கு அங்கால என்ன நிண்டாலும், அது நான்தான் எண்டு நினை."